மூன்று பேருக்கும் அரிப்பு, ஒரே களிம்பு போதுமா?

பாகான் செராய்க்குப் பக்கத்துத் தாமானிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், சுருக்கித் தருகிறேன்.

"டாக்டர், எங்கள் வீட்டுக்குப் பின்னால் செம்பனைக் காடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நெல்வயல். இந்த வெயில் தொடங்கியதிலிருந்து வீட்டில் ஆளுக்கு ஆள் சொறிந்துகொண்டிருக்கிறோம். ஆறு வயது மகனுக்கு முழங்காலுக்குக் கீழே முழுக்கத் தடிப்பு, சொறிந்து சொறிந்து இப்போது புண். தோட்டத்தில் பழம் வெட்டும் என் வீட்டுக்காரருக்குக் கழுத்தில் கோடு இழுத்த மாதிரி சிவந்து கொப்பளித்திருக்கிறது, அத்தை அதை அக்கி என்று சொல்லி காவி குழைத்துப் போட்டார். எட்டு மாதக் கைக்குழந்தைக்கும் கன்னத்தில் இரண்டு கடி, அதற்குக் கோடாலித் தைலம் தடவுகிறோம். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் பத்து வெள்ளிக்கு ஒரு களிம்பு வாங்கினேன். மகனுக்கு ஒரே நாளில் அடங்கியது, விட்டதும் திரும்ப வந்துவிட்டது. அதையே எல்லோருக்கும் போடலாமா? மகனுக்கு ரத்தம் இனிப்பு, அதனால்தான் கொசு மொய்க்கிறது என்கிறார்கள். உண்மையா?"

தங்கச்சி, களிம்பிலிருந்தே தொடங்குகிறேன், அவசரம் அதில்தான் இருக்கிறது. அந்த டப்பியைத் திருப்பிப் பாருங்கள். நம் மலேசியாவில் பதிவு பெற்ற மருந்து என்றால் அட்டையில் எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும், பளபளக்கும் ஹோலோகிராம் ஒட்டுத்தாளும் இருக்கும். இரண்டும் இல்லாமல், உள்ளே என்ன கலந்திருக்கிறது என்றும் எழுதாமல், ஒரே நாளில் அரிப்பை அடக்கி, விட்டதும் திரும்ப வரவழைக்கிற களிம்பைப் பார்த்தால், அதில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறதோ என்றுதான் எனக்கு முதல் சந்தேகம் வரும். அது அரிப்பை அடக்கும், ஆனால் நாள்பட்டால் தோலை மெலிய வைத்துவிடும், புண்ணில் கிருமி இருந்தால் அது சத்தமில்லாமல் பரவ வழி விடும். கைக்குழந்தையின் கன்னத்தில் அதை வைக்கவே வைக்காதீர்கள், அந்தத் தோல் மெல்லியது, மருந்து எளிதாக உடம்புக்குள் இறங்கிவிடும். மகனுக்குச் சில நாள்தான் போட்டிருந்தால் இன்றே நிறுத்திவிடலாம். வாரக்கணக்கில் போட்டிருந்தால் கிளினிக்கில் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

சரி, இப்போது உங்கள் வீட்டு அரிப்புக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதைப் படித்தால் மூன்று பேரையும் கடித்தது ஒரே பூச்சி என்று எனக்குத் தோன்றவில்லை. உங்கள் வீட்டுக்காரரை எதுவும் கடிக்கவே இல்லை என்றுதான் நினைக்கிறேன், அதைப் பின்னால் சொல்கிறேன். எங்கே வந்திருக்கிறது, எந்த நேரத்தில் வந்தது, என்ன வடிவத்தில் இருக்கிறது, இதைப் பார்த்துவிட்டாலே பாதிக்கு மேல் விடை கிடைத்துவிடும். மருந்து வாங்குவது அதற்கு அப்புறம்.

முதலில் மகன். முழங்காலுக்குக் கீழே, துணி மூடாத இடத்தில், கூட்டம் கூட்டமாகத் தடிப்பு என்றால் பெரும்பாலும் கொசுதான். கணுக்காலைச் சுற்றி மட்டும் என்றால் வீட்டில் பூனையோ நாயோ இருக்கிறதா, தெள்ளுப்பூச்சியா என்று பாருங்கள். காலையில் எழுந்ததும் முதுகிலும் கையிலும் மூன்று நான்கு கடி வரிசையாக இருந்தால் மெத்தையின் தையலில் மூட்டைப்பூச்சி தேடுங்கள். விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி என்று வந்து, இரவானால் எல்லோருக்கும் அரிப்பு தாங்கவில்லை என்றால் அது பூச்சிக்கடி என்ற கணக்கிலேயே வராது, சிரங்கு, மலாய்க்காரர்கள் குடிஸ் என்பார்கள். அதற்குப் பெர்மெத்ரின் களிம்பை வீட்டிலுள்ள எல்லோரும், அரிப்பு இல்லாதவர் உட்பட, ஒரே இரவில் பூச வேண்டும், ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை பூச வேண்டும். கைக்குழந்தைக்குப் பூசும் விதத்தை மட்டும் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் மட்டும் பூசினால் மாதக்கணக்கில் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும், இதை நான் எத்தனையோ குடும்பத்தில் பார்த்துவிட்டேன்.

கொசு கடிக்கும்போது ரத்தம் உறைந்துவிடாமல் இருக்கத் தன் எச்சிலைத் தோலுக்குள் விடுகிறது. அந்த எச்சிலில் இருக்கும் புரதம் நம் உடம்புக்கு ஆகாது, உடனே ஹிஸ்டமின் என்ற ஒன்றைச் சுரந்து எதிர்த்து நிற்கும். தடிப்பு, சிவப்பு, அரிப்பு எல்லாம் அதன் வேலை. பெரியவர்களுக்கு வருடக்கணக்கில் கடிபட்டு உடம்பு பழகிப்போயிருக்கும், சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் பழகவில்லை, அதனால்தான் அதே திண்ணையில் உட்கார்ந்த உங்களுக்கு ஒரு புள்ளி, அவனுக்கு ஐம்பது காசு அளவு வீக்கம். இன்னொன்றும் உண்டு. இந்த வயதுப் பிள்ளைகளில் சிலருக்குப் புதிதாக இரண்டு கடி விழுந்தால் போன வாரத்துப் பழைய கடிகளும் சேர்ந்து கிளம்பிவிடும். ஒரே இரவில் இருபது கொசு கடித்துவிட்டது என்று அம்மாக்கள் பதறி வருவார்கள், கடித்தது இரண்டாகத்தான் இருக்கும்.

ரத்தம் இனிப்பு என்பதில் உண்மை இல்லை, பிள்ளையிடம் அப்படிச் சொல்லாதீர்கள், பாவம், தன் உடம்பில்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொள்வான். நாம் விடும் மூச்சில் இருக்கும் கரியமிலவாயு, உடம்புச் சூடு, வியர்வை, ஆளுக்கு ஆள் மாறுகிற தோல் வாசனை, இவற்றை மோப்பம் பிடித்துத்தான் கொசு வருகிறது. மாலை ஆறு மணிக்குத் திடலில் ஓடி ஆடிவிட்டு வியர்வையோடு வாசற்படியில் உட்காரும் பையன் அதற்கு நல்ல விருந்து. வந்ததும் ஒரு குளியல் போடச் சொல்லுங்கள், அதுவே பாதி காவல்.

அரிப்புக்கு என்ன செய்வது? கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். ஐஸை நேராகத் தோலில் வைக்க வேண்டாம். அப்புறம் கலமைன் லோஷன், பிங்க் நிறத்தில் எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்கும், விலையும் குறைவு. அதற்கும் அடங்கவில்லை என்றால் 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு, மெல்லிசாக, ஒரு நாளைக்கு இரண்டு தடவை, சில நாட்களுக்கு மட்டும். தோல் உடையாத தடிப்பில்தான் போட வேண்டும், புண்ணான இடத்தில் போடக்கூடாது. தூக்கத்தைக் கெடுக்கிற அளவுக்கு அரித்தால் செட்டிரிசின் அல்லது லொராட்டடின் சிரப், அவன் எடைக்கு எவ்வளவு என்று பார்மசியில் கேட்டு வாங்குங்கள். பலர் வீட்டில் மஞ்சள் நிறக் குட்டி மாத்திரை பிரிட்டோன் இருக்கும், அது கேட்கும், ஆனால் நன்றாகத் தூக்கம் வரும். மோட்டார் ஓட்டுகிறவர், செம்பனையில் நீளத் தடியும் அரிவாளுமாக வேலை செய்கிறவர் பகலில் அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகக் கூடாது.

இதையெல்லாம்விட முக்கியம் நகம். பகலில் "சொறியாதேடா" என்று நூறு தடவை சொல்லித் தடுத்துவிடலாம், தூக்கத்தில் கை தானாகப் போகும், அரிப்பும் இரவில்தான் கூடும். நானும் லயத்து வீட்டில் வளர்ந்தவள். பால்மரம் வெட்டப் போன அம்மா வாரம் தவறாமல் எங்கள் நகத்தை ஒட்ட வெட்டிவிட்டு, இரவில் அப்பாவின் பழைய கைலியைக் கிழித்து முழங்காலிலிருந்து கணுக்கால் வரை தளர்வாகச் சுற்றிவிடுவார். ஒரு தடவை அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு வாரம் அது நடக்கவில்லை, அப்போது சொறிந்து வந்த தழும்பு என் காலில் இன்னும் இருக்கிறது. நம் நிறத் தோலில் இந்தக் கரும்புள்ளி மாதக்கணக்கில் தங்கும், தானாகவே மெல்ல மங்கும். வெளுக்க வைக்கும் களிம்பு தேடிப் போகாதீர்கள். மெல்லிய பருத்தியில் நீளக் கால்சட்டை ஒன்றை இரவில் போட்டுவிடுங்கள், போதும்.

ஆனால் அவனுக்கு ஏற்கெனவே புண் என்று எழுதியிருக்கிறீர்கள், அதுதான் எனக்குக் கவலை. நகத்தில் இருக்கும் கிருமி புண்ணில் இறங்கி, தேன் காய்ந்த மாதிரி மஞ்சள் பொருக்குக் கட்டினால் அதற்கு ஆன்டிபயாட்டிக் வேண்டியிருக்கும், அரிப்பு மருந்து எதுவும் அதைத் தொடாது. புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவுகிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். சிவப்பு முடியும் விளிம்பில் பேனாவால் கோடு போடுங்கள். மறுநாள் சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தால், தொட்டால் சூடாக வலித்தால், காய்ச்சல் வந்தால் அன்றைக்கே கிளினிக். கடித்த சில மணி நேரத்தில் வீங்கி, வலியில்லாமல் அரிப்பு மட்டும் இருந்தால் அது கடியின் வீக்கம்தான், பயப்பட வேண்டாம். புண் ஆறி இரண்டு மூன்று வாரம் கழித்துக்கூடப் பிள்ளையின் முகம் காலையில் ஊதியிருக்கிறதா, சிறுநீர் கோக் நிறத்தில் போகிறதா என்று கவனித்துக்கொள்ளுங்கள். தோல் புண்ணில் வரும் ஒரு வகைக் கிருமியால் பின்னால் சிறுநீரகம் பாதிக்கப்படுவது உண்டு. அடிக்கடி வருவதில்லை, ஆனால் சொறிப்புண்தானே என்று விட்டுவிடுகிற வீடுகளில்தான் அதைத் தாமதமாகக் கண்டுபிடிக்கிறார்கள். அதே மாதிரி வீட்டில் இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்கள் இருந்தால், அவர்கள் காலில் ஒரு சின்னச் சொறிப்புண்ணைக்கூடச் சும்மா விடக் கூடாது.

இனி உங்கள் வீட்டுக்காரர். கழுத்தில் கோடு இழுத்த மாதிரி சிவப்பு, அதன் மேல் கொப்புளம், பக்கத்தில் நெல்வயல். இதைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது சார்லி, நம் ஊரில் செமுட் சார்லி என்கிறார்களே அது. பெயரில்தான் எறும்பு, உண்மையில் ஒரு சிறிய வண்டு. ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு, கறுப்பும் ஆரஞ்சும் மாறி மாறி இருக்கும். வயலில் பிறந்து, அறுவடைச் சமயத்தில் விளக்கைத் தேடி வீட்டுக்குள் பறந்து வரும். இது கடிக்காது, கொட்டாது. கழுத்தில் ஏதோ ஊர்கிறதே என்று தூக்கக் கலக்கத்தில் நசுக்கித் தேய்க்கிறோம், அதன் உடம்பில் இருக்கும் பெடரின் என்ற நஞ்சு தேய்த்த வழியெல்லாம் பட்டு ஒரு நாள் இரண்டு நாள் கழித்து வெந்த மாதிரி கொப்பளிக்கிறது. அதனால்தான் கோடு. முழங்கை மடிப்பில் பட்டால் மடிப்பின் இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒரே அச்சில் வரும்.

அத்தை அக்கி என்று சொன்னது எனக்குப் புரிகிறது, இரண்டும் பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் இருக்கும், மலாய்க்காரர்களும் இரண்டையும் குழப்பிக்கொண்டு காயாப் என்பார்கள். அக்கி என்பது சின்ன வயதில் வந்த சின்னம்மைக் கிருமி நரம்பில் ஒளிந்திருந்து பின்னால் கிளம்புவது. அதில் கொப்புளத்துக்கு முன்பே இரண்டு மூன்று நாள் குத்தல் வலி இருக்கும், உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக வரும், நடுக்கோட்டைத் தாண்டாது. அவருக்கு அப்படி வலி இருந்ததா என்று கேளுங்கள். இருந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் போகட்டும், கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். காவி பூசுவதால் கிருமி போகாது, அத்தையின் மனம் நோகாமல் அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சார்லி என்றால் சோப்பால் நன்றாகக் கழுவி, ஈரத்துணியால் குளிர்ச்சி கொடுத்து, கொப்புளம் உடையாத இடத்தில் மட்டும் ஹைட்ரோகார்ட்டிசோன் போடலாம், இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடும். கண்ணுக்குப் பக்கத்தில் பட்டால் மட்டும் உடனே காட்டுங்கள். தலையணை உறையையும் துண்டையும் அன்றே துவைத்துவிடுங்கள். இனிமேல் உடம்பில் அது ஊர்வதைக் கண்டால் நசுக்காமல் ஊதித் தள்ளுங்கள், அல்லது ஒரு தாளில் ஏற்றி எடுத்துப் போடுங்கள். அறுவடை நாட்களில் வாசல் விளக்கை அணைத்துவிட்டு, சட்டையை உதறிப் போட்டுக்கொள்வதும் நல்லது.

அவர் தோட்டத்தில் வேலை செய்கிறவர் என்பதால் இரண்டு வார்த்தை கூடுதலாக. மட்டையிலிருந்து கம்பளிப்பூச்சி விழுந்து முடி குத்தினால் தேய்க்காமல் ஒட்டுநாடாவை ஒட்டி ஒட்டி உரித்தால் முடி வந்துவிடும், அப்புறம் கழுவலாம். லாலாங் புல்லில் உட்கார்ந்து எழுந்து, ஒரு வாரம் பத்து நாள் கழித்துக் காய்ச்சல் தலைவலி வந்து, இடுப்பிலோ அக்குளிலோ சிகரெட் சுட்ட மாதிரி கறுப்புப் பொருக்கு ஒன்று வலியில்லாமல் இருந்தால், அதை டாக்டரிடம் கட்டாயம் காட்ட வேண்டும். அது கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி கடித்து வரும் ஸ்கிரப் டைஃபஸ். ஒரு காலத்தில் நம் தோட்டங்களில் ஆட்களைச் சாகடித்த காய்ச்சல் அது. 1948இல் கோலாலம்பூரில்தான் அதற்கு மருந்து கொடுத்துப் பார்த்து அது குணமாவதைக் கண்டார்கள். இன்று சாதாரண டாக்சிசைக்ளின் மாத்திரையில் அடங்கிவிடும், கண்டுபிடிக்கத்தான் வேண்டும், அதற்கு அந்தப் பொருக்கைக் காட்டத்தான் வேண்டும். வெட்கப்பட்டு மறைக்கிற இடத்தில்தான் அது பெரும்பாலும் இருக்கும்.

கைக்குழந்தைக்குக் கோடாலித் தைலம் வேண்டவே வேண்டாம். அதில் கற்பூரமும் மெந்தாலும் இருக்கிறது. பெரியவர்களுக்குச் சில்லென்று அரிப்பை மறக்க வைக்கும், அது சரி. ஆனால் இரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளை கன்னத்துத் தைலத்தைக் கையால் தொட்டு வாயில் வைத்தால் வலிப்புவரை போகலாம். இன்னொன்று, பிறந்தபோது ஆஸ்பத்திரியில் தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி (சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி) சோதனை செய்திருப்பார்கள், குழந்தையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தில் எழுதியிருக்கும், எடுத்துப் பாருங்கள். குறைபாடு என்று இருந்தால் கற்பூரம் கலந்த தைலத்தையும் துணி அலமாரியில் போடும் அந்துருண்டையையும் குழந்தை இருக்கும் பக்கமே வைக்கக் கூடாது, ரத்தச் சிவப்பணு உடைந்து மஞ்சள் காமாலை வரும். சுண்ணாம்பும் பற்பசையும் குழந்தைத் தோலைப் பொசுக்கும். குளிர்ந்த ஈரத்துணி, அவ்வளவுதான் அதற்கு வைத்தியம், அது போதும்.

அப்புறம் கடிபடாமல் இருக்க. குழந்தைக்குத் தொட்டிலை முழுக்க மூடும் கொசுவலைக்கு நிகர் எதுவும் இல்லை, டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு பகலில்தான் கடிக்கும், பகல் தூக்கத்துக்கும் வலை போடுங்கள். மின்விசிறியை ஆட்கள் பக்கம் திருப்பி வையுங்கள், கொசு பலமாகப் பறக்கத் தெரியாத பூச்சி, காற்றில் தள்ளாடிவிடும். வார இறுதியில் கோலா குராவ், கோலா கூலா பக்கம் போனால் சதுப்பு ஓரத்தில் அகாஸ் என்கிற கடிக்கும் பூச்சி இருக்கும், சாதாரண வலையின் கண்ணுக்குள்ளேயே நுழைகிற அளவு சின்னது, அங்கே நீளக்கை சட்டையும் தோலில் பூசும் மருந்தும்தான் காவல். பூசுவதற்கு டீட் 20 முதல் 30 சதவீதம் அல்லது பிகாரிடின் 20 சதவீதம் என்று அட்டையில் பார்த்து வாங்குங்கள். இரண்டு மாதத்துக்கும் குறைந்த குழந்தைக்குப் பூசவே கூடாது, மற்ற பிள்ளைகளுக்கு உங்கள் கையில் எடுத்துப் பூசுங்கள், அவர்கள் விரலிலும் கண், வாய்ப் பக்கமும் வேண்டாம், வீட்டுக்கு வந்ததும் கழுவிவிடுங்கள். நம் ஊர்ப் பெயரிலேயே செராய் இருக்கிறது, எலுமிச்சம்புல் வாசனை கொசுவுக்குப் பிடிக்காது என்பதும் உண்மைதான், ஆனால் அந்த எண்ணெய் சீக்கிரம் ஆவியாகிவிடும், அடிக்கடி பூச வேண்டியிருக்கும். பிள்ளை கையில் மாட்டிவிடும் வாசனை வளையத்தால் கால் காப்பாற்றப்படாது.

கொசுவத்தியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். சீனா, மலேசியா கொசுவத்திகளை வைத்துச் செய்து 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரு சுருள் முழுக்க எரிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் அளவு என்று கண்டார்கள். அடைத்த அறையில், கைக்குழந்தை தூங்கும் இடத்தில், அதைக் கொளுத்தாதீர்கள். வேப்பிலைப் புகையும் புகைதான், இளைப்பு உள்ள பிள்ளைக்கு அதுவும் ஆகாது.

வாரத்தில் ஒரு நாள், ஞாயிறு காலை என்று வைத்துக்கொள்ளுங்கள், வீட்டைச் சுற்றி ஒரு நடை. ஏடிஸ் முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும், வாரம் ஒரு முறை தண்ணீரைக் கொட்டினால் வட்டம் அறுந்துவிடும். பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, யாரும் எடுக்காமல் கிடக்கும் பழைய ரப்பர் மங்கு, சாமி மேடைச் செம்பு வரை பாருங்கள். கொட்டினால் மட்டும் போதாது, உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள், முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கொட்ட முடியாத தொட்டிக்குக் கொசுப் புழுவைக் கொல்லும் அபேட் மணல், 10 லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம். வெயில் காலத்தில் தண்ணீர் நின்றுவிடுமோ என்று வாளி வாளியாகப் பிடித்து வைப்போம் இல்லையா, அதை எல்லாம் மூடி வையுங்கள், கொசு பெருகுவது அங்கேதான்.

கடிக்குப் பின்னால் காய்ச்சல் வந்தால் டெங்கி நினைவில் இருக்கட்டும். பாரசிட்டமோல் மட்டும் கொடுங்கள், ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் வேண்டாம், ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். காய்ச்சல் இறங்குகிற நாளில்தான் ஆபத்து. அப்போது வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், துவண்டு படுப்பது, சிறுநீர் குறைவது, இதில் ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரி. தேனீ, குளவி கொட்டிய பிறகு உதடு முகம் வீங்கி மூச்சு இழுத்தால் 999, தைலம் தேடி ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள்.

இன்றிரவு மகனின் நகத்தை வெட்டிவிடுங்கள். நாளைக் காலையில் அவனையும் உங்கள் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போங்கள், ஒரு வெள்ளிதான். அந்தக் களிம்பு டப்பியையும் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.